எரிந்தாலும் மாறாத மனை: நார்டிக் நகரங்களின் வடிவத்தைப் படித்தவர்கள்

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்கன் நகரத்தில், பழைய துறைமுகத்தை ஒட்டி ப்ரிக்கன் என்றொரு வட்டாரம் உண்டு. கூம்பிய முகப்புள்ள மரக்கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். 1955 கோடையில் அந்த வரிசையின் ஒரு பகுதி தீக்கு இரையானது. காலியான இடத்தில் ஆஸ்பியோர்ன் ஹெர்தெய்க் என்ற தொல்லியலாளர் தோண்ட ஆரம்பித்தார். அந்த அகழாய்வு பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது.

தோண்டத் தோண்ட மண்ணுக்குள் கரி அடுக்குகள் வந்தன. ஒவ்வொரு அடுக்கும் ஒரு பழைய தீ விபத்து. 1198, 1248, 1702 என்று பெர்கன் எரிந்த ஆண்டுகள் எழுத்தாவணங்களில் இருப்பதால், கரியே கடிகாரமாகிவிட்டது. இரண்டு கரி அடுக்குகளுக்கு நடுவே கிடைத்த அடித்தளங்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. ஊர் எரிந்திருக்கிறது, சாம்பல் மேல் மீண்டும் கட்டியிருக்கிறார்கள், மறுபடி எரிந்திருக்கிறது. ஆனால் கட்டட வரிசைகள் நின்ற திசை, அவற்றுக்கு நடுவே இருந்த சந்து, ஒருவர் சொத்துக்கும் அடுத்தவர் சொத்துக்கும் இடையிலான எல்லை ஆகியவை பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருந்தன. கடலைத் தூர்த்துத் துறைமுகத்தை முன்னே நகர்த்தியபோதுகூட அதே கோடுகள்தான் நீண்டன. சரக்கு மூட்டையில் கட்டி, இது இன்னாருடையது என்று ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்தில் பெயர் பொறித்த மரச்சீட்டுகளும் அங்கே கிடைத்தன. எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு வியாபாரியின் பெயர், அவர் நின்ற அதே மனையில்.

வீடு போகும், வீட்டுக்காரர் போவார், மனை நிற்கும். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்ற நார்டிக் நாடுகளில் நகரத்தின் வடிவத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு நூற்றாண்டாகப் பல துறைகளில் இருந்து, பல கருவிகளோடு வந்திருக்கிறார்கள். நிலவியலாளர், கலை வரலாற்றாளர், தொல்லியலாளர், கட்டடக் கலைஞர், இப்போது கணினியோடு உட்கார்ந்திருப்பவர். இவர்கள் பல நேரம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமலே வேலை செய்தவர்கள். ஆனாலும் இவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து தொட்டது மனையைத்தான் என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் மனைக்கு 'தொம்த்' என்று பெயர். ஸ்வீடிஷ் நாட்டார் கதைகளில் வீட்டையும் கால்நடைகளையும் காக்கும் ஒரு குட்டிக் கிழவர் வருவார், பெயர் 'தொம்தே'. மனைக்காரர் என்று அர்த்தம். குடும்பம் மாறினாலும் அவர் இடத்தை விட்டுப் போகமாட்டார் என்று நம்பினார்கள். நகரத்தின் வடிவம் எப்படி உருவாகி மாறுகிறது என்று படிக்கும் நகர உருவவியல் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் வரைபடம் போட்டுக் கண்டுபிடித்ததை அந்தக் கதை முன்பே சொல்லிவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நகர உருவவியல் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பேசப்படும் துறைக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய நிலவியலாளர் கான்சன், 1960இல் ஆல்னிக் என்ற சிறு நகரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் தெரு, மனை, கட்டடம் என்ற மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். தெரு மிக மெதுவாக மாறும், கட்டடம் சீக்கிரம் மாறும், மனை நடுவில் நின்று இரண்டையும் பிணைக்கும். இத்தாலியில் முராட்டோரி என்ற கட்டடக் கலைஞர் வெனிஸ் நகர வீடுகளை வகைப்படுத்தி, ஒரு வீட்டு வகை எப்படி அடுத்த வகையாக வளர்கிறது என்று காட்டினார். லண்டனில் பில் ஹிலியர், 1984இல் ஜூலியென் ஹான்சனோடு எழுதிய நூலில், எந்தத் தெருவிலிருந்து எத்தனை திருப்பத்தில் எங்கே போக முடியும் என்பதை எண்ணாக்கினார். நார்டிக் ஆய்வாளர்கள் இந்த மூவரிடமும் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கடன் வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் சொந்தமாக ஒன்று இருந்தது.

அரசர் வரைந்த கோடுகள்

அது நில அளவை. ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் இரண்டாம் அடோல்ஃப் 1628இல் ஆந்தர்ஸ் பூரே என்பவரிடம் நாட்டை அளந்து படமாக்கும் வேலையை ஒப்படைத்தார். அன்று தொடங்கிய நில அளவைத் துறை இன்றும் இயங்குகிறது. அப்போது பின்லாந்தும் ஸ்வீடனின் பகுதி. ஆக இரண்டு நாடுகளுக்கும் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஊர் ஊராக, மனை மனையாக அளந்த படங்கள் இருக்கின்றன. வேறு பல நாட்டு ஆய்வாளர்கள் ஊகித்து வரைய வேண்டியதை, இவர்கள் ஆவணக் காப்பகத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நகரங்களில் பல, மனிதர் குடியேறுவதற்கு முன்பே காகிதத்தில் பிறந்தவை. ஒஸ்லோ 1624இல் எரிந்தது. டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட நான்காம் கிறிஸ்தியான் ஊரையே ஆகெர்ஸ்ஹூஸ் கோட்டையடிக்கு நகர்த்தி, நேர்கோட்டுத் தெருக்கள் போட்டு, கிறிஸ்தியானியா என்று தன் பெயரை வைத்தார். மரவீடு கட்டக்கூடாது என்றும் ஆணை. செங்கல்லுக்குக் காசில்லாத ஏழைகள் என்ன செய்வார்கள்? எல்லைக்கு வெளியே போய் மரத்தில் கட்டிக்கொண்டார்கள். பிப்பெர்விக்கா, வாத்தர்லாண்ட் போன்ற புறச்சேரிகள் அப்படி வளர்ந்தவை. ஒரு கட்டட விதி ஊரின் வடிவத்தையும், யார் உள்ளே யார் வெளியே என்பதையும் சேர்த்தே தீர்மானித்தது.

தீயும் திட்டமும் இப்படி மாறி மாறி வருவதுதான் வடக்கு நகரங்களின் கதை. த்ரொந்ஹைம் 1681இல் எரிந்தபின் சிசின்யோன் என்ற ராணுவப் பொறியாளர் அகலமான தெருக்களோடு புதுத் திட்டம் போட்டார். அகலம் அழகுக்கு மட்டுமல்ல, தீ தாண்டாமல் இருக்கவும்தான். கோபன்ஹேகன் 1795இல் எரிந்தபின், தெருமுனையில் இருக்கும் கட்டடங்களின் மூலையைச் சாய்வாக வெட்டிக் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. நீண்ட ஏணியோடு வரும் தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டுமே. அந்த வெட்டிய மூலைகளை இன்றும் அங்கே தெருத் தெருவாகப் பார்க்கலாம்.

பின்லாந்தின் துர்க்கு 1827 செப்டம்பரில் எரிந்தது. நார்டிக் வரலாற்றிலேயே ஆகப்பெரிய நகரத் தீ அதுதான். கார்ல் லுட்விக் எங்கெல் போட்ட புதுத் திட்டத்தில் மனைகள் பெரிதாயின, மரவீடுகள் தள்ளித் தள்ளி நின்றன, நடுவே இலை அடர்ந்த மரங்கள் தீத்தடுப்பாக நடப்பட்டன. பின்லாந்து மரநகரங்களைப் பற்றி 1980களில் பெரிய நூல் எழுதிய ஹென்ரிக் லிலியுஸ், இந்த ஊர்கள் தானாக வளர்ந்த கிராமத்துச் சாயல் கொண்டவை அல்ல, ஐரோப்பாவின் நகரத் திட்டக் கலை மரத்தில் எழுதப்பட்ட வடிவம் என்று காட்டினார். ஸ்வீடனில் 1888 ஜூன் 25 அன்று ஊமியோ, சுந்த்ஸ்வால் என்ற இரண்டு நகரங்கள் ஒரே நாளில் எரிந்தன. ஊமியோ தெருக்களில் பிர்ச் மரங்களை நட்டது, சுந்த்ஸ்வால் கல்லில் கட்டிக்கொண்டது. அகலத் தெரு, மரவரிசை என்ற இலக்கணத்தை 1874இன் கட்டட விதிமுறை ஏற்கெனவே வகுத்திருந்தது. அதன் பின்னே இருந்தவர், 1866இல் ஸ்டாக்ஹோமுக்குப் பெருந்திட்டம் வகுத்த ஆல்பெர்ட் லிந்த்ஹாகென்.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு ஆய்வு மரபே கிளைத்தது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த தாமஸ் ஹால், ஐரோப்பாவின் இடைக்கால நகரத் தரைப்படங்களை ஒப்பிட்டார். 1991இல் நார்டிக் நாடுகளின் நகரத் திட்ட வரலாற்றை ஒரே நூலில் தொகுத்தார். 1970களின் நடுவில் ஸ்வீடனின் தொல்பொருள் துறை, இடைக்கால நகரங்கள் ஒவ்வொன்றின் மண்ணுக்கடியில் என்ன எஞ்சியிருக்கிறது என்று ஊர் ஊராக அறிக்கை தயாரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவசியம் உடனடியானது. ஊர் நடுவில் பழைய வீடுகளை இடித்து, ஆழமான அடித்தளம் தோண்டி, பேரங்காடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை தோண்டிவிட்டால் பெர்கனில் கிடைத்தது போன்ற கரி அடுக்குகள் திரும்பி வராது.

ஐஸ்லாந்துக்கு இடைக்கால நகரமே இல்லை. அங்கே இந்தச் சிந்தனையைத் தொடங்கி வைத்தவர் ஒரு மருத்துவர். பேராசிரியர் குத்முந்துர் ஹன்னெசன், 1916இல் ஊர்களைத் திட்டமிடுவது பற்றி நூல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரெய்க்யவிக்கின் நடுப்பகுதி எரிந்திருந்தது. வெயில் குறைந்த நாட்டில் வீட்டுக்குள் வெளிச்சம் வருவது ஆரோக்கியப் பிரச்சினை என்பது ஒரு மருத்துவருக்குத்தான் முதலில் உறைத்திருக்கிறது. 1921இல் அங்கே நகரத் திட்டச் சட்டம் வந்தது.

கடை வாடகை, வீட்டு வாழ்க்கை

ஸ்டாக்ஹோமில் 1937இல் வில்லியம் வில்லியம்-ஓல்சன் என்ற நிலவியலாளர், 1850 முதல் 1930 வரை அந்த நகரம் வளர்ந்த விதத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினார். நகரத்தின் மையம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கட்டடத்தில் உள்ள கடைகள் மொத்தம் எவ்வளவு வாடகை தருகின்றன என்று பார்த்தார். அந்தக் கட்டடம் தெருவைப் பார்த்து எத்தனை மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது என்று அளந்தார். முன்னதைப் பின்னதால் வகுத்தார். ஒரு மீட்டர் முகப்புக்கு எவ்வளவு பணம் என்பதைத் தெருத் தெருவாகப் படத்தில் ஏற்றியதும், நகரத்தின் நாடி எங்கே துடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மனையின் அகலமும் பொருளாதாரமும் ஒரே எண்ணில் சந்தித்தன.

உப்சாலாவில் இன்னொருவர். கிரிகோர் பௌல்சன். 1930இன் புகழ்பெற்ற ஸ்டாக்ஹோம் கண்காட்சியை முன்னின்று நடத்தி, நவீனக் கட்டடக் கலையை ஸ்வீடனுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். பழையதைத் தள்ளு, புதியதை ஏற்றுக்கொள் என்று வாதிட்டவர். அவரே பிறகு கலை வரலாற்றுப் பேராசிரியராகி, மாணவர்களையும் சக ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்வீடிஷ் நகரங்களைப் பற்றிய பெரும் படைப்பொன்றை 1950இலும் 1953இலும் வெளியிட்டார். தேவாலயம், அரண்மனை என்று அழகான கட்டடங்களைத் தேடி அவர் போகவில்லை. வியாபாரியின் வீட்டில் எந்த அறை தெருவைப் பார்த்தது, வேலைக்காரர் எங்கே தூங்கினார், தொழிலாளர் குடியிருப்பு ஊரின் எந்த மூலைக்குத் தள்ளப்பட்டது என்று கேட்டார். நகர வடிவம் என்பது சமூகத்தின் வடிவம் என்று அங்கே அவர் இட்ட அடித்தளம், அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஸ்வீடிஷ் ஆய்வுகளின் குணமாகவே ஆகிவிட்டது.

மனை காணாமல் போன காலம்

நகரசபைகள் நிலத்தை வாங்கத் தொடங்கியதோடு பெரிய மாற்றம் வந்தது. ஸ்டாக்ஹோம் 1904லிருந்து ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளை விலைக்கு வாங்கியது. எண்ணம் நல்லது. நிலத் தரகரின் பேராசைக்கு இடமில்லாமல், உழைக்கும் மக்களுக்கு மலிவாக வீடு கிடைக்க வேண்டும். அதே காலத்தில் நகரத்துக்குள் கட்டட வகையும் மாறியது. முன்பெல்லாம் தெருக்கள் நான்கு பக்கமும் சூழ்ந்த ஒரு பிளாக்கில் பல மனைகள் இருக்கும். ஒவ்வொரு மனைக்காரரும் முன்பக்கம் ஒரு வீடு, பின்முற்றத்தில் இருட்டாக இன்னொரு வீடு என்று அடைத்துக் கட்டுவார். 1910களிலும் 1920களிலும் இதற்கு மாற்றாக, பின்கட்டு வீடுகளை விட்டுவிட்டு, ஓரமாக மட்டும் கட்டி, நடுவே எல்லாருக்கும் பொதுவான பெரிய முற்றம் விடும் முறை வந்தது. கோபன்ஹேகனில் காய் ஃபிஸ்கர் வடிவமைத்த ஹோர்ன்பெக்ஹூஸ் அதற்குச் சிறந்த சாட்சி. ஒரே கட்டடம் ஒரு முழு பிளாக்கைச் சுற்றி நிற்கும், உள்ளே தோட்டம்.

இந்தப் பெருமுற்ற வகையைப் பற்றி 1974இல் ஸ்வீடிஷ் கட்டடக் கலைஞர் பியோர்ன் லின் எழுதிய ஆய்வு, நார்டிக் உருவவியலின் திருப்புமுனைகளில் ஒன்று. இதில் வெளிச்சமும் காற்றும் கிடைத்தன, தெருவும் தெருவாகவே இருந்தது என்று அவர் காட்டினார். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. பிளாக்குக்குள் இருந்த மனை எல்லைகள் அழிந்து, பிளாக்கே ஒரு மனை ஆகிவிட்டது. மனை கரையத் தொடங்கியது அங்கேதான்.

அப்புறம் வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய கட்டுமானம். ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே வெல்லிங்பி 1954இல் திறக்கப்பட்டது. 1965 முதல் 1974 வரை பத்தாண்டில், எட்டு மில்லியன் பேர் வாழ்ந்த நாட்டில், ஒரு மில்லியன் வீடுகள் கட்டப்பட்டன. வீட்டுப் பஞ்சம் தீர்ந்தது. அந்தச் சாதனையை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் நிலம் பெரும்பாலும் ஒரே உரிமையாளரிடம், கட்டுபவர் ஒரே பெரிய நிறுவனம் என்றானபோது மனை என்ற அலகுக்கே வேலை இல்லாமல் போனது. கட்டடங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பல இடங்களில் கிரேன் ஓடும் தண்டவாளம் தீர்மானித்தது. 1968இல் யோத்தபோரியின் சால்மர்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் வகுத்த ஸ்காஃப்ட் என்ற போக்குவரத்து நெறிமுறை, காரையும் நடப்பவரையும் முழுக்கப் பிரிக்கச் சொன்னது. குழந்தைகள் வண்டியில் அடிபடாமல் காக்கும் நோக்கம் அதற்கு. ஆனால் வீட்டு வாசலும் கடையும் வண்டியும் மனிதரும் சேர்ந்திருந்த தெரு என்ற பொருள் அதோடு மறைந்தது.

நார்வேயிலும் இதே கதை. ஒஸ்லோவின் க்ரூருட் பள்ளத்தாக்கை நம் வாசகர்களில் சிலர் நன்றாக அறிவார்கள். இலங்கையிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் பல அங்கேதான் வாழ்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள அம்மெரூட் குடியிருப்பைப் பற்றி 1960களின் இறுதியில் வந்த ஆய்வறிக்கை, கட்டடப் பாணியை மட்டும் விமர்சிக்கவில்லை. திட்டம் போட்ட மேசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாருடைய வசதிக்காக எந்த முடிவு எடுக்கப்பட்டது என்று படிப்படியாகத் தடம் பிடித்தது. அதில் வாழப்போகிறவர்கள் அந்த மேசையில் இல்லை.

நெருக்கமாகக் கட்டினால் நெரிசல், தள்ளித் தள்ளிக் கட்டினால் நல்வாழ்வு என்ற பழைய நம்பிக்கையை எண்களோடு எதிர்கொண்டவர் யோஹான் ரோட்பெரி. 1988இல் வந்த அவருடைய ஆய்வேடு, 1875 முதல் 1975 வரை ஸ்வீடனில் நகரம் கட்டியவர்களின் கொள்கைகளையும் அடர்த்தியையும் சேர்த்துப் படித்தது. சென்னையில் வீடு வாங்கியவர்களுக்கு எஃப்.எஸ்.ஐ. தெரியும், மனைப்பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. ஸ்வீடனிலும் அதே கணக்கு உண்டு. ரோட்பெரி சொன்னது, அந்த ஒரே எண் எதையும் சொல்லாது என்பதுதான். 10,000 சதுர மீட்டர் நிலத்தில் 10,000 சதுர மீட்டர் தளம் கட்ட வேண்டும் என்று வையுங்கள். பாதி நிலத்தை மூடி இரண்டு மாடி கட்டலாம். பத்தில் ஒரு பங்கை மூடிப் பத்து மாடி எழுப்பலாம். எண் ஒன்றுதான், ஊர் முற்றிலும் வேறு. மாடி எண்ணிக்கை, தரையை மூடும் அளவு, தளப்பரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வடிவம் பிடிபடும் என்றார்.

நாற்காலியும் கதவும்

டென்மார்க்கில் வேறொரு ஓட்டம். அங்கே இதற்கு மூத்தவர் ஸ்டீன் ஐலர் ரஸ்முசன். லண்டனைப் பற்றி 1934இல் எழுதினார். நகரங்களையும் கட்டடங்களையும் பற்றி 1949இல் எழுதினார். கோபன்ஹேகன் விரல்கள் போல ரயில் பாதை வழியே மட்டும் வளர வேண்டும், விரல்களுக்கு நடுவே பசுமை இருக்க வேண்டும் என்ற 1947இன் புகழ்பெற்ற திட்டத்துக்குப் பின்னாலும் அவர் இருந்தார். கோட்பாட்டுச் சொற்களைத் தவிர்த்து, நடந்து பார்த்து, தொட்டுப் பார்த்து எழுதியவர்.

அந்தப் பார்வையைக் கணக்கெடுப்பாக மாற்றியவர் யான் கெல். 1962 நவம்பரில் கோபன்ஹேகனின் நீண்ட கடைத்தெருவான ஸ்ட்ரோயெட்டில் கார்கள் நிறுத்தப்பட்டன. குளிர் நாட்டில் யார் தெருவில் உலாவுவார்கள், இது என்ன இத்தாலியா என்று கடைக்காரர்களும் பத்திரிகைகளும் எதிர்த்தார்கள். கெல், உளவியல் படித்த தன் மனைவி இங்க்ரிதோடு 1965இல் இத்தாலிக்குப் போய்ச் சதுக்கங்களில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தார். திரும்பியதும் ஸ்ட்ரோயெட்டில் அதையே செய்தார். தாளும் பென்சிலும்தான் கருவி. 1971இல் அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது. 1968, 1986, 1995 என்று அதே நகரத்தில் திரும்பத் திரும்ப எண்ணியதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு என்று நினைக்கிறேன். கோபன்ஹேகன் மையத்தில் கார் நுழையாத இடம் 1962க்கும் 1996க்கும் நடுவே ஏறத்தாழ ஆறு மடங்கானது. இடம் பெருகப் பெருக அங்கே நின்று நேரம் கழிப்பவர்களும் பெருகினார்கள் என்று அவர் எண்ணால் காட்டினார்.

கெல்லின் வேலையை உருவவியல் ஆய்வாளர்கள் சிலர், இது நடத்தை ஆய்வு, வடிவ ஆய்வு அல்ல என்று ஒதுக்குவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் முகப்புகளைத் தரம் பிரித்த விதத்தைப் பாருங்கள். நூறு மீட்டரில் 15 முதல் 20 கதவுகள் இருந்தால் அந்தத் தெரு உயிருள்ளது என்கிறார். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவருக்கு நூறு மீட்டர் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதாவது நான்கைந்து நொடிக்கு ஒரு புதுக் கதவு, ஒரு புதுச் சன்னல். கதவுகள் எப்போது அவ்வளவு நெருக்கமாக இருக்கும்? மனைகள் ஐந்தாறு மீட்டர் அகலத்தில் இருக்கும்போது. ஸ்ட்ரோயெட் இடைக்காலத் தடத்தில் ஓடும் தெரு. இருமுறை பெருந்தீயில் எரிந்தும், குறுகிய முகப்புகள் அங்கே நிலைத்தன. கெல் எண்ணியது மனிதர்களை. அந்த மனிதர்களை அங்கே நிற்க வைத்ததில் பழைய மனைக் கோடுகளுக்கும் பங்கு உண்டு. அவருடைய முறையைக் கடன் வாங்கிய பல நகரங்கள் நாற்காலியையும் பூந்தொட்டியையும் போட்டுவிட்டுக் கதவுகளை மறந்துவிட்டதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நார்வேயில் கிறிஸ்தியான் நோர்பெர்க்-ஷுல்ஸ் இடத்துக்கு ஓர் ஆன்மா உண்டு என்ற தத்துவ வழியில் போனார். அதற்கு எதிர்முனையில் த்ரொந்ஹைம் தொழில்நுட்பக் கல்லூரியில் கார்ல் ஒட்டோ எல்லெஃப்சனும் தாக் த்வில்தேயும் 1990களின் தொடக்கத்தில் இத்தாலியப் பாணியில் நகரத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் படிக்கும் முறையை எழுதினார்கள். டென்மார்க்கில் பழைய கட்டடங்களுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் ஸேவ் என்ற முறை வந்தது. 1தான் உயர்ந்த மதிப்பு. பல நகரசபைகள் ஒரு கட்டடத்தை இடிக்க அனுமதிப்பதற்கு முன் இன்றும் அந்த எண்ணைப் பார்க்கின்றன.

கணினியில் திரும்பி வந்த மனை

ஹிலியரின் தெருக் கணக்கு ஸ்வீடனுக்கு வந்ததும் அங்கே ஒரு திருப்பம் நிகழ்ந்தது. ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழகத்தில் லார்ஸ் மார்கஸ், தெருவை மட்டும் எண்ணினால் போதாது, தெருவின் முடிவில் என்ன இருக்கிறது என்பதும் வேண்டும் என்றார். அவரும் அலெக்சாண்டர் ஸ்தோலேயும் ஆந்தர்ஸ் கார்ல்ஸ்த்ரோமும் சேர்ந்து 2005ஐ ஒட்டி ஒரு கருவியை உருவாக்கினார்கள். உங்கள் வாசலில் இருந்து மூன்று திருப்பத்துக்குள் எத்தனை பூங்கா, எத்தனை கடை, எத்தனை மனிதர் என்று அது எண்ணும்.

அதை வைத்து ஸ்தோலே கண்டது அழகானது. ஸ்டாக்ஹோமின் நெருக்கமான உள்நகரத்தில் இருப்பவர்களுக்குச் சில இடங்களில் பசுமை எளிதில் எட்டுகிறது. அதைவிடப் பல மடங்கு புல்வெளி இருக்கும் புறநகரில் எட்டுவதில்லை. புறநகரில் பசுமை பரந்து கிடந்தாலும் அதற்குப் போகும் வழி வளைந்து நெளிந்து ஓடுகிறது, அது பூங்காவா, யாருக்குச் சொந்தம் என்பதும் தெளிவில்லை. கட்டடங்களுக்கு நடுவே சும்மா கிடக்கும் புல்தரை, மனை எல்லை இல்லாத திட்டமிடல் விட்டுச்சென்ற மிச்சம்.

அதே கழகத்தில் ஆன் லெகெபி 2013இல் எழுதிய ஆய்வேடு இதைச் சமூகப் பிரிவினையோடு சேர்த்துப் பார்த்தது. வருமானமும் பிறந்த நாடும் வேறுபட்ட மக்கள் வேறுவேறு இடத்தில் குடியிருப்பதை மட்டும்தான் எல்லாரும் பேசுகிறோம். தெருவில், கடைத்தெருவில், பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று அவர் கேட்டார். 1960களின் தனித்துவிடப்பட்ட தெரு அமைப்பு அந்த வாய்ப்பையே அறுத்துவிட்டது என்று அளந்து காட்டினார். பௌல்சன் தொடங்கிய கேள்வியேதான் இது. கருவிதான் புதிது.

மார்கஸ் பிறகு சால்மர்ஸுக்குப் போனார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் பெர் ஹௌப்ட்டோடு சேர்ந்து அடர்த்தியைப் படிக்கும் வரைபட முறையை உருவாக்கிய மெட்டா பெர்க்ஹௌசர் பொன்ட்டும் அங்கே வந்து சேர்ந்தார். அவர்களுடைய முறை ரோட்பெரியின் சிந்தனையை முன்னெடுத்துச் சென்றது. அந்தச் சால்மர்ஸ் குழு ஸ்டாக்ஹோம், யோத்தபோரி, எஸ்கில்ஸ்துனா, லண்டன், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஐந்து நகரங்களின் தெருக்களையும் மனைகளையும் கட்டடங்களையும் கணினியில் ஏற்றி வகை பிரித்தது. கான்சன் ஒரே ஒரு சிற்றூருக்குக் கையால் செய்ததை, ஐந்து நகரங்களுக்குச் செய்தார்கள். மனையின் அளவு, அதன் உருவம், தெருவைத் தொடும் விளிம்பின் நீளம் என்று மனைக்கே தனி அளவுகோல்கள் வந்தன. மனை சிறிதாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் இடத்தில் பலவகைத் தொழில்கள் பிழைக்கின்றனவா என்பது அவர்களுடைய முக்கியக் கேள்வி. வில்லியம்-ஓல்சன் கடை வாடகையை முகப்பு நீளத்தால் வகுத்தது நினைவுக்கு வருகிறதா? ஒரு காலத்தில் சாலையையும் நடைபாதையையும் பிரிக்கச் சொன்ன அதே கல்லூரியில், அந்தப் பிரிப்பின் விளைவுகளை இப்போது அளக்கிறார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒரு கல்விக்கூடம் தன் பழைய முடிவைத் தானே திரும்பிப் பார்ப்பது மதிக்க வேண்டிய காரியம்.

தெருவையும் மனையையும் விட்டு, ஊரை இன்னும் தூரத்திலிருந்து பார்ப்பவர்களும் உண்டு. நார்வேயின் பெட்டர் நெஸ் 1990களில் 22 நார்டிக் நகரங்களின் போக்குவரத்து எரிபொருள் செலவை ஒப்பிட்டார். பிறகு கோபன்ஹேகன் பெருநகரில் வீடு வீடாகக் கணக்கும் நேர்காணலும் எடுத்தார். நகர மையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதுதான் ஒருவர் எவ்வளவு கார் ஓட்டுகிறார் என்பதில் பெரும் பங்கு வகிக்கிறது என்றார். பின்லாந்தில் நாட்டையே 250 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை பேர், எத்தனை வேலை என்று பதிகிறார்கள். குவோபியோ நகரத் திட்ட அதிகாரி லெயோ கோசனென், ஒவ்வொரு ஊருக்குள்ளும் நடப்பவரின் ஊர், பேருந்தின் ஊர், காரின் ஊர் என்று மூன்று ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதாகச் சொன்னது இந்தக் கட்டங்களின் உதவியால் நாடு தழுவிய வரைபடமானது. பயனுள்ள வேலைதான். ஆனால் 250 மீட்டர் கட்டத்துக்குள் மனை தெரியாது, கதவும் தெரியாது.

ஆய்வு இவ்வளவு தெளிவாகச் சொன்னபின் நடைமுறை மாறியதா? மால்மோவில் 2001இல் கண்காட்சியாகத் திறந்த மேற்குத் துறைமுகக் குடியிருப்பில், திட்டத்தை வகுத்த கிளாஸ் தாம் நிலத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பல கட்டுநர்களுக்கும் பல கட்டடக் கலைஞர்களுக்கும் கொடுத்தார். தெருக்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாகப் போடப்பட்டன, கடல் காற்று நேராக அறையாமல் இருக்க. இன்று அங்கே நடப்பவர்கள் நின்று நின்று போகிறார்கள். ஆனாலும் பொதுவாக ஸ்வீடிஷ் நகரசபைகள் தங்கள் நிலத்தை இப்போதும் பெரிய துண்டுகளாகப் பெரிய நிறுவனங்களுக்கே ஒதுக்குகின்றன. ஒரு பேச்சுவார்த்தை, ஒரு ஒப்பந்தம், ஒரு வங்கி என்று முடிந்துவிடுவதால் அதிகாரிகளுக்கு வேலை குறைவு. கீழே முழுக்க ஒரே வண்டி நிறுத்தம், மேலே வெவ்வேறு நிறத்தில் பூசிய முகப்புகள். பார்த்தால் பல மனை, உண்மையில் ஒன்று.

இதற்குள் சட்டமும் மனையை மாற்றிவிட்டது. 2004லிருந்து ஸ்வீடனில் சொத்தை உயரத்திலும் பிரிக்கலாம். ஒரே இடத்தில் நிலத்தடி வண்டி நிறுத்தம் ஒருவருக்கு, தரைத்தளக் கடை வேறொருவருக்கு, மேலே உள்ள வீடுகள் மூன்றாமவருக்கு என்று மூன்று தனிச் சொத்துகளாகப் பதியலாம். 1628லிருந்து நில அளவையாளர்கள் வரைந்த படங்களில் மனை என்பது தாளில் மூடிய ஒரு கோடு. இப்போது அது காற்றில் மிதக்கும் பெட்டி. தெருவை எந்தப் பெட்டி தொடுகிறது, எந்த உரிமையாளர் எந்தக் கதவுக்குப் பொறுப்பு, நூறு மீட்டரில் எத்தனை என்று எண்ண வேண்டிய ஆய்வாளர்கள், அந்தப் பெட்டிகளை எப்படி வரைவது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.